காலித் தட்டும் ஒன்பதாவது கண்டிஷனும்

நாய்க்குட்டி வாங்க என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு சொம்பு தண்ணீர். அடுத்தது ஒரு தாள். அதைப் படித்து முடித்த பிறகுதான் குட்டியைக் கண்ணில் காட்டுவேன். பாதிப் பேர் தாளோடு எழுந்து போய்விடுவார்கள். போகட்டுமே! ஒரு தாளைப் படிக்கப் பொறுமை இல்லாத மனுஷன் நாளைக்கு நாலு வேளை சோறு பிசைந்து வைப்பானா? தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பை மட்டும் வைத்துவிட்டுப் போனால் எனக்குப் போதும்.

மணவாள நகரில், திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. நானும் என் வீட்டுக்காரரும் ஒரு லேப்ரடார் பெண் நாயும்தான். அது குட்டி போட்டால் விற்பேன், போடாத வருஷம் சும்மா இருப்பேன். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் வண்டிக்குப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்த்தேன். கையில் வந்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘இது ஆகாது’ என்று ஓரமாகத் தள்ளுவதுதான் என் வேலை. வேலையை விட்டுவிட்டேன், அந்தப் புத்தியை விடமுடியவில்லை.

தாளில் ஒன்பது கண்டிஷன் இருக்கும். மூன்று மாதம் முடியும்வரை நாலு வேளை, அதுவும் மணி தப்பாமல். மாட்டுப்பால் ஒரு சொட்டுக்கூடக் காட்டக்கூடாது, வயிற்றைக் கலக்கிக்கொண்டு போகும். காலையில் தண்ணீரில் ஊறவைத்த பாக்கெட் தீனி, மதியம் குழைந்த சோறும் தயிரும், சாயந்திரம் உப்பில்லாமல் வேகவைத்து எலும்பெடுத்த கோழி, அப்புறம் மறுபடி தீனி. முட்டை ஒன்று. பிஸ்கட், டீக்கடை பன், ‘ஐயோ பாவம், பார்க்குதே’ என்று போடும் எதுவும் கூடாது. இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போதுதான் எல்லார் முகமும் சுருங்கும். ஊரில் பாதி நாய்க்கு வியாதி வருவதே இந்த ‘ஐயோ பாவத்தில்’தான்.

ஒருமுறை ஒருவர் காரில் வந்து இறங்கினார். தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இதெல்லாம் எதுக்கு மேடம்? எங்க ஊட்ல மிச்சம் ஆவுறதே நெறைய இருக்கு” என்றார். “மிச்சத்தைத் துன்றதுக்கு ஊட்ல வேற ஆளு இல்லியா சார்?” என்று கேட்டுவிட்டு கேட்டைச் சாத்தினேன். அவர் வெளியே நின்றுகொண்டு என்னை ஏதோ திட்டினார். நானும் உள்ளே நின்றுகொண்டு திட்டினேன்.

என் வீட்டுக்காரருக்கு இதில் மகா வருத்தம். “பொண்ணு குடுக்குற ஊட்லகூட இவ்ளோ கேக்க மாட்டாங்கடி” என்பார். பெண் என்றால் பசித்தால் வாய்விட்டுக் கேட்கும், ஆகாததைப் போட்டால் தட்டைத் தள்ளிவிடும். குட்டி என்ன செய்யும், போட்டதைத் தின்றுவிட்டு வாலை ஆட்டும். இதைச் சொன்னால் அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஆறாவது கண்டிஷன் எனக்கு ரொம்பப் பெருமை. முதல் ஒரு மாதம் ஒவ்வொரு வேளையும் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்ப வேண்டும். எல்லாரும் சோறு நிறைந்த தட்டைத்தான் எடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். தட்டில் சோறு இருந்தால் யார் தின்றது என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வேண்டியது காலித் தட்டு, பக்கத்தில் குட்டி, ஊட்டியவர் கை. இந்த மூன்றும் ஒரே படத்தில் வரவேண்டும். இதை யோசித்துக் கண்டுபிடித்த அன்று, கம்பெனியில் எனக்கு ஏன் பிரமோஷன் தரவில்லை என்று புதிதாக ஒரு கோபம் வந்தது.

ஒன்பதாவது கண்டிஷனைச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருப்பேன். மேலே சொன்ன எட்டில் எது தவறினாலும் நான் வந்து குட்டியைத் தூக்கிக்கொண்டு போவேன், யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதன் கீழே புருஷன், பெண்டாட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போடவேண்டும்.

போன வருஷம் எங்கள் நாய் ஏழு குட்டி போட்டது. ஆறும் முட்டிமோதிப் பால் குடித்து உப்பின. ஏழாவது கடைக்குட்டிக்கு இடமே கிடைக்கவில்லை. என் உள்ளங்கையில் அடங்கும். அதை நான்தான் சொட்டு மருந்துக் குழாயில், நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால்மாவைக் கரைத்து ஊட்டி வளர்த்தேன். குழாயிலிருந்து பாட்டிலுக்கு வந்தது, பாட்டிலிலிருந்து தட்டுக்கு வந்தது. அது முதன்முதலாகத் தட்டை நக்கிய அன்று அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆறு குட்டியும் நல்லபடியாகப் போன பிறகு இதை மட்டும் விற்க எனக்கு மனசு வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், அது இன்னும் தேறவில்லை என்று சாக்குச் சொன்னேன்.

வீட்டுக்காரர் ஒருநாள் காபியைக் குடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். “ஒரு நாய்க்கு இந்த ஊடு பத்தல. ரெண்டு எப்படிடி? அது நல்லாத் தேறிக்கினு ஓடிக்கினு இருக்குது, நீதான் தேறல.” பதில் வராத நாளில் நான் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அன்றைக்கு எல்லாப் பாத்திரமும் நங்கென்று உட்கார்ந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பேர் வந்தார்கள். புதுவாயலில் குடியிருக்கும் புருஷன் பெண்டாட்டி. அவன் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில்லில் வேலை, அவள் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் பேக்கிங். அவன் என்னை மேடம் என்றான், அவள் வாசற்படி ஏறும்போதே அக்கா ஆக்கிவிட்டாள். தாளை நீட்டினேன். எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன், உண்மையைச் சொன்னால் ஆசைப்பட்டேன். அவளோ வரிக்கு வரி விரலை வைத்து இரண்டு தரம் படித்தாள்.

“யக்கா, கொழைஞ்ச சோறுன்னு போட்டுக்கிறீங்களே, எவ்ளோ கொழையணும்? நாம துன்றதவிடவா?” என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. விரலால் மசித்துக் காட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டாள். நான் விடுவேனா? “கோழி வேகவெச்ச தண்ணிய இன்னா பண்ணுவே?” என்று மடக்கினேன். “உப்பு இல்லன்னா சோத்துல ஊத்திப் பிசைவேன், உப்பு இருந்தா நாங்க குடிச்சிருவோம்” என்றாள். பதிலில் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. எனக்குக் கோபமாக வந்தது.

“ரெண்டு பேரும் வேலைக்குப் போனா குட்டிய யாரு பாக்குறது?” என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

அவனும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். “எங்க ஷிஃப்டு அப்படிக்கா. அவரு உள்ள வரும்போது நான் வெளிய போவேன். நான் வந்தா அவரு கெளம்புவாரு. ரெண்டு பேரும் ஒண்ணாக் குந்தி சாப்புடுறதே அபூர்வம். அதுக்கு எப்பவும் யாருனா ஒருத்தர் ஊட்ல இருப்போம். ஆனா எங்களுக்குத்தான் ஊட்ல யாரும் இல்ல” என்றாள். தாளை என் பக்கம் நகர்த்திக்கொண்டே, “கதவத் தொறந்தா வான்னு கூப்புட ஒரு உசுரு வேணும்க்கா” என்றாள். அதற்கு மேல் நான் என்ன கேட்பது? கையெழுத்து வாங்கிக்கொண்டு குட்டியைக் கொடுத்தேன். மூன்றரைக் கிலோ இருந்தது. அவர்கள் போன பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

படங்கள் ஒழுங்காக வர ஆரம்பித்தன. காலை ஏழு என்றால் ஏழு. மதியம் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. நக்கித் துடைத்த தட்டு, பக்கத்தில் என் கடைக்குட்டி, ஓரத்தில் ஒரு கை. ஒருநாள் நீலச் சட்டைக் கை, ஒருநாள் கோடு போட்ட கை, ஒருநாள் வளையல் போட்ட கை. இத்தனை ஒழுங்காக எந்தப் பார்ட்டியும் அனுப்பியதில்லை. “பாத்தீங்களா, கண்டிஷன்னா இப்படி இருக்கணும்” என்று வீட்டுக்காரரின் மூக்குக்கு நேரே போனை நீட்டுவேன். அவர் ஒவ்வொரு தரமும் கண்ணாடியைத் தேடுவார்.

பத்தாவது நாள்தான் எனக்குப் பொறி தட்டியது. குட்டி வளரவில்லை. முதல் நாள் வந்த படத்தையும் அன்றைக்கு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காது அதே நீளம், கால் அதே தடிமன், தட்டின் விளிம்பு முதல் படத்தில் அதன் மார்பில் எந்த இடத்தில் இடித்ததோ அதே இடம். பழைய ஈத்துக் குட்டிகளின் படங்களைத் தோண்டி எடுத்தேன். அந்த வயசில் ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு இருந்தது. தட்டோ வழித்துத் துடைத்துக் காலியாகிறது, குட்டியோ அப்படியே இருக்கிறது. அப்படியானால் போடுவது பற்றவில்லை என்றுதானே அர்த்தம்?

‘பூச்சி மருந்து கொடுத்தாயா?’ என்று அனுப்பினேன். ‘குடுத்தோம் மேடம்’ என்று வந்தது. ‘முட்டையை இரண்டாக்கு’ என்றேன். ‘ஓகே மேடம்.’ மூன்று நாள் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ‘சாயந்திரக் கோழியை இரண்டு மடங்காக்கு.’ ‘ஓகே மேடம்.’ மறுபடி பார்த்தேன். குட்டி இம்மி நகரவில்லை. ‘ஐந்தாவது வேளை ஒன்று சேர்த்துக்கொள், சோற்றில் ஒரு ஸ்பூன் நெய் விடு.’ அதற்கும் ஓகே மேடம். இந்த ஓகே மேடத்தைப் படிக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் எரியும். வீடியோ போடு என்றால் சார்ஜ் இல்லை என்பான், மறுநாள் டேட்டா தீர்ந்துவிட்டது என்பான்.

மூன்றாவது வாரம் எடை பார்த்துச் சொல்லச் சொன்னேன். மில் வாசலில் இருந்து போன் போட்டான். பின்னால் லாரிச் சத்தம்.

“அரிசிக் கடைத் தராசுல வெச்சிப் பாத்தோம் மேடம். ஒம்போதரைக் கிலோ.”

“யாருக்குப்பா காது குத்துறே?” என்று கத்தினேன். “காலையில அனுப்புன படத்துல மூணரைக் கிலோகூடத் தேறாது. ஒம்போதரையா?”

“மெய்யாலுமே மேடம். கடைக்காரரே அசந்துட்டாரு.”

“படம் பொய் சொல்லுமா?”

“அது வந்து மேடம்...” என்று இழுத்தான். நான் போனை வைத்துவிட்டேன். மனுஷன் வாய் பொய் சொல்லும், கேமரா சொல்லாது என்பது பதினாறு வருஷம் செக்கிங் பார்த்த என் தீர்மானம். தராசு என்று ஒன்று இருப்பதை அந்த நிமிஷம் நான் மறந்தே போனேன்.

பரணில் இருந்து குட்டி கொண்டுபோகும் கூடையை இறக்கினேன். ஓட்டை ஓட்டையாக மூடி போட்ட பிளாஸ்டிக் கூடை. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். “நீ தேடிக்கினு இருந்த காரணம் கெடச்சிடுச்சா?” என்றார். சுருக்கென்று தைத்தது. உண்மைதானே! கவலை எவ்வளவு இருந்ததோ அவ்வளவு சந்தோஷமும் உள்ளே இருந்தது. குட்டி என்னிடம் திரும்பி வரப்போகிறது. ஒன்பதாவது கண்டிஷனை நான் போட்டதே இதற்காகத்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்வேனா? “ஒரு உசுரு பட்டினி கெடக்குது, உங்களுக்குக் கிண்டல்” என்று சீறிவிட்டுப் படி இறங்கினேன்.

ஆடி மாசம். அம்மனுக்குக் கோழி நேர்ந்துகொண்டவர்கள் ஏறி, பெரியபாளையம் போகிற பஸ்ஸில் நிற்க இடமில்லை. மஞ்சள் சேலைகளும் வேப்பிலைக் கொத்துகளும் நெருக்கியடித்தன. என் கூடையைப் பார்த்துவிட்டு பக்கத்து அம்மா, “கோழி எங்கம்மா? அங்க போய் வாங்கிக்கப் போறியா?” என்று கேட்டார்.

“கோழி இல்லம்மா, நாய்” என்றேன் கடுப்போடு.

அந்த அம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். “அடிப்பாவி! ஆத்தாளுக்கு நாயா?”

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் கோயிலுக்கே போகவில்லை, புதுவாயலுக்குப் போகிறேன், என் குட்டியைத் திருப்பி எடுத்து வரப்போகிறேன் என்று விளக்குவதற்குள் தாமரைப்பாக்கம் தாண்டிவிட்டது. கதை முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மா, “குடுத்துட்ட குட்டியப் போய் எதுக்கும்மா புடுங்குறே?” என்றார். இதென்னடா பேஜாரு, பஸ்ஸில்கூடவா என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெரியபாளையத்தில் பஸ் மாறி, புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். ஒரே சுவரில் ஒட்டிய மூன்று வீடுகளில் நடு வீடு. கதவைத் தட்டினேன். அவன் தூக்கக் கண்ணோடு திறந்தான், என்னையும் கூடையையும் பார்த்தான், தூக்கம் எங்கே போனதோ தெரியவில்லை.

“குட்டி எங்க?” என்றேன்.

உள்ளே இருந்து ஏதோ வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. வெள்ளைப் பூசணிக்காய்க்கு நாலு கால் முளைத்து வந்தமாதிரி இருந்தது. கழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை. வயிறு தரையைத் துடைத்துக்கொண்டு வந்தது. நாலடி நடந்ததும் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்து என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. ஆட்டியது வால்தானா, பின்பக்கம் முழுவதுமா என்று சொல்ல முடியவில்லை.

“இது யாரு?” என்று கேட்டுவிட்டேன்.

“நம்ம குட்டிதான் மேடம்.”

கீழே உட்கார்ந்துவிட்டேன். அது வந்து கூடையை மோந்தது, என் கையை மோந்தது, நக்கியது. நெற்றியில் இருந்த அந்தச் சின்னச் சுழியைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அவன் பேச ஆரம்பித்தான். கேமரா உள்ள போன் அவனுடையது ஒன்றுதான். அவளிடம் இருப்பது பட்டன் போன். ஷிஃப்டு வாராவாரம் மாறும், குட்டிக்கு ஊட்டுகிற வேளையில் பாதி நாள் அவள் வீட்டில், போன் அவனோடு மில்லில். அதனால் குட்டி வந்த மறுநாள், இருவருக்கும் லீவு என்பதால், உட்கார்ந்து அறுபது படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். தட்டில் தயிரைத் தடவித் துடைத்துத் துடைத்து எடுத்தார்களாம். அவன் மூன்று சட்டை மாற்றினானாம், அவள் வளையலைக் கழற்றிக் கழற்றிப் போட்டாளாம். மணி அடித்ததும் மில்லில் டீ நேரத்தில், இல்லையென்றால் கழிவறைக்குப் போகிற சாக்கில், ஒவ்வொன்றாக எனக்கு அனுப்பினான். அறுபதும் தீர்ந்தபோது, எடுத்த வரிசையிலேயே திரும்ப ஆரம்பித்தானாம்.

“சோறு மெய்தான் மேடம், ஒரு வேள தப்பல. படந்தான் பொய்யி” என்றான். “சொல்லிடலாம்னுதான் பாத்தேன். நீங்க தூக்கிக்கினு பூடுவீங்களேன்னு பயம்.”

சுவரில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். எடுத்துப் புரட்டினேன். அவள் கையெழுத்து. நான் அனுப்பிய ஒவ்வொன்றும் அதில் இருந்தது. ரெண்டு முட்டை, டிக். டபுள் கோழி, டிக். அஞ்சாவது வேளை, நெய், டிக். ஒரே அளவில் நின்றுபோன படத்தைப் பார்த்து நான் கூட்டிக்கொண்டே போக, வளர்ந்துகொண்டிருந்த குட்டிக்கு அவர்கள் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இந்தப் பூசணிக்காய் முழுக்க முழுக்க என் உற்பத்தி. கம்பெனியாக இருந்திருந்தால் நானே ஓரமாகத் தள்ளியிருப்பேன்.

இத்தனை தெரிந்த பிறகாவது நான் இறங்கி வந்தேனா? இல்லை. தப்பு என்மேல் என்று தெரிந்தால் எனக்கு இன்னும் ஆங்காரம் வரும். “பொய்யி பொய்யிதான். ஆறாவது கண்டிசன் போச்சி. நான் எடுத்துக்கினு போறேன்” என்றேன். அவன், அவள் வரட்டும் மேடம் என்று கெஞ்சினான். வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

கம்பெனி பஸ் கூட்டுரோட்டில் இறக்கிவிட்டு, அவள் சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தாள். அதுவரை அசையாமல் கிடந்த பூசணிக்காய் எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து, அவள் காலடிக்குப் போய்ச் சேர்ந்து அவள் செருப்பின் மேலேயே உட்கார்ந்தது. அவளுக்குக் கூடையைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. அவள் அழுவாள், கத்துவாள், நானும் பதிலுக்குக் கத்தலாம் என்று தயாராக இருந்தேன். அவள், “கையெழுத்து போட்டோம் இல்லக்கா” என்று மட்டும் சொன்னாள். குட்டியின் தட்டைக் கழுவி, துடைத்து, அதன் துண்டில் சுற்றி என் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு என் எதிரே குந்தினாள். “யக்கா, தட்ட வெச்சிட்டு எழுந்து பூடாதீங்க. மொத வாய் கையில குடுத்தாத்தான் தொடும். இடி இடிச்சா மடியில வெச்சிக்கணும், எறக்கிவுட்டா நடுங்கும். வயித்தத் தடவாதீங்க, முதுகுல சும்மா கைய வெச்சாப் போதும், தூங்கிரும். அப்புறம் காலைல டிபன் பாக்ஸ மூடுற சத்தம் கேட்டுச்சின்னா அழும்க்கா, நான் வேலைக்குப் போறேன்னு அதுக்குத் தெரியும். உங்க ஊட்டுக்காரருக்குச் சோறு கட்டுனா அடுப்பாண்ட போய் மறைவா மூடுங்க.”

நான் போட்ட ஒன்பதில் இது ஒன்றுகூட இல்லை. இன்னும் உட்கார்ந்து கேட்டால் மனசு மாறிவிடும் என்று எழுந்து, குட்டியைத் தூக்கினேன். அம்மாடி, என்ன கனம்! கூடைக்குள் இறக்கினேன். தலையும் முன்னங்கால்களும் போயின, வயிறு கூடையின் வாயில் அடைத்துக்கொண்டது. பின்பக்கம் வெளியே நின்றுகொண்டு ஆடியது. திருப்பிப் பின்பக்கத்தை முதலில் விட்டுப் பார்த்தேன். அவன் வந்து கூடையை அகட்டிப் பிடித்தான். பாவி மனுஷன், தன் குட்டியைத் தானே உள்ளே தள்ளிக் கொடுத்தான். மூடி மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. அது எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு ஏப்பம் விட்டது.

அவள்தான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவனும் சிரித்தான். நானும் எவ்வளவு நேரம்தான் அடக்குவது, சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த நிமிஷத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானை அதே இடத்தில்தான் இருந்தது, சத்தம் மட்டும் மாறிப்போயிருந்தது. குட்டி கூடையோடு கவிழ்ந்து, வெளியே உருண்டு, அவள் மடியில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. என் மடி பக்கத்திலேயே காலியாக இருந்தது. அதை அது திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, பொறாமைதான், வேறென்ன. ஆனால் அந்த எரிச்சலோடு ஒரு நிம்மதியும் வந்தது.

“வேணாம், இங்கியே இருக்கட்டும்” என்றேன். “நாளையில இருந்து ஒரே முட்டை. நெய்ய நிறுத்து. அஞ்சாவது வேளை கெடையாது. அப்புறம்...”

“அதெல்லாம் அப்புறம்க்கா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்தாள். “இப்போ வேணாம்பீங்க. நாளைக்கு வேற பெரிய கூடையா எடுத்துக்கினு வருவீங்க. எழுதிக் குடுங்க.”

என்னிடமே எழுதி வாங்குவதா! எனக்குச் சுள்ளென்று ஏறியது. அவன் வேறு, “ஏய், மேடமப் போய்...” என்று இழுத்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என் முன்னால் வைத்தாள். ஒரு கை குட்டியின் முதுகில் இருந்தது.

‘இந்தக் குட்டி இவர்களுடையது. இனிமேல் நான் எந்தக் காரணம் சொல்லியும் திருப்பிக் கேட்க மாட்டேன்’ என்று எழுதினேன். ‘இவர்களுடையது’ என்று எழுதும்போது பேனா நின்று நின்று ஓடியது. பேனாவில் ஒரு குறையும் இல்லை. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவள் வரிக்கு வரி விரலை வைத்து இரண்டு தரம் படித்தாள்.

“தேதி போடலியேக்கா” என்றாள்.

வாங்கித் தேதியும் போட்டேன்.